தூக்கக் கடன்

“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பசித்தவனுக்குப் பழைய சோறே அமுதம். தூக்கம் வந்தவனுக்குக் கட்டாந்தரையே பஞ்சணை. இந்தப் பழமொழியை ஐயுறுவோர் பிற்பகல் வேளையில் நம் கல்லூரியின் எந்த வகுப்பறையையும் எட்டிப் பார்க்கலாம். கடைசி இரண்டு பெஞ்சுகளில் நான்கைந்து தலைகள் மெல்லச் சாய்ந்திருக்கும். பேராசிரியர் பாடத்தை நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பார். வகுப்பு சிரிக்கும். விழித்துக்கொண்டவன் அசட்டுச் சிரிப்புடன் நிமிர்ந்து உட்காருவான்.

அவ்வாறு சிரித்தவர்களில் நானும் ஒருவன். சென்ற கார்த்திகையில் ஒரு விடியற்காலை அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டது.

என் வகுப்புத் தோழன் ஒருவன் மந்தைவெளியில் குடியிருக்கிறான். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். தந்தை இல்லை, தாயும் பள்ளிக்குச் செல்லும் தங்கையும் இருக்கிறார்கள். கல்லூரி முடிந்ததும் தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குச் செல்வான். வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவாகும். மூன்றரை மணிக்கு எழுந்து, நாளிதழ்க் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அடையாறு காந்தி நகரில் வீடு வீடாகப் போட்டுவிட்டு, குளித்துக் கல்லூரிக்கு வருவான். அன்று திரு.வி.க. பாலத்தின் மேல் செல்லும்போது சைக்கிள் நடைபாதைக் கல்லில் மோதி விழுந்தான். முழங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் சட்டென்று பிரேக் பிடித்ததால் அவன் இன்று நம்மிடையே இருக்கிறான்.

அவனைப் பார்க்கச் சென்றபோது, “தூங்கிட்டியாடா?” என்று கேட்டேன். “எனக்குத் தூக்கமே வரலைடா. நல்லாத்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன். பாலம் ஏறினது ஞாபகம் இருக்கு. விழுந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லை” என்றான்.

அந்த ‘நடுவுல ஒண்ணுமே இல்லை’ என்ற சொல் என்னை விடவில்லை. விலங்கியல் மாணவன் என்ற முறையில் நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததில் என்னைத் திடுக்கிட வைத்த உண்மை ஒன்று உண்டு: தூக்கம் இழந்தவன் எவ்வளவு இழந்தான் என்பதை அறியும் திறனையும் சேர்த்தே இழக்கிறான். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூக்கம் என்பது யாது?

தூக்கம் என்பது விளக்கை அணைப்பது போன்றது என்றே நெடுங்காலம் எண்ணி வந்தனர். 1953-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மேன் என்ற இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் சில வேளைகளில் வேகமாக அசைவதைக் கண்டு வெளியிட்டனர். அவ்வேளையில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டு கொண்டிருந்ததாகக் கூறினர். உறங்கும் மூளை வேலை செய்து கொண்டிருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

ஓர் இரவில் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்கள் கொண்ட சுற்றுகளாக நான்கைந்து முறை வந்து செல்கிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் மிகுதி. உடலை வளர்த்துப் பழுது பார்க்கும் வளர்ச்சி ஹார்மோன் அப்போதுதான் பெருமளவில் சுரக்கிறது. பின்னிரவுச் சுற்றுகளில் கனவுத் தூக்கம் மிகுதி. ஆகவே, விடியுமுன் எழுந்துவிடுபவன் இழப்பது இரண்டு மணி நேரம் மட்டும் என்று கணக்கிடுவது தவறு. கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதியையே அவன் இழந்துவிடுகிறான்.

நம்மை உறங்க வைப்பவை இரண்டு. முதலாவது, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே வரும் அடினோசின் என்ற பொருள். அது சேரச் சேரக் கண் சொருகும், உறங்கினால் குறையும். இங்கே மயிலாப்பூர்க் காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காப்பியிலுள்ள காஃபீன், அடினோசின் சென்று அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. அதனால் களைப்பு தெரியாமற்போகிறதே தவிர, அடினோசின் குறைவதில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது கதவைத் தாழிட்டுக்கொள்வது போன்றது அது. அவன் போய்விட்டான் என்று பொருளல்ல. அன்றியும், மாலை ஆறு மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீனில் ஏறத்தாழப் பாதி, இரவு பதினொரு மணிக்கும் நம் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் ஒரு சிறு நரம்பணுத் தொகுதி இதனை நடத்துகிறது. இக்கடிகாரம் உயிரணுவுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துறையில் நம் தமிழ்நாட்டுக்கும் பெருமை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும், மதுரைக்கு அருகிலுள்ள சமணர் மலைக் குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். வெளிச்சமே எட்டாத குகை இருளில் கூண்டில் அடைபட்ட வௌவால்கள், தம் கூட்டத்தார் அந்தியில் கிளம்பும் நேரத்தோடு தம் கடிகாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டன. மனிதர்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. கடிகாரமோ சூரிய ஒளியோ வானொலியோ இல்லாத தனி விடுதி ஒன்றில் தாமாக முன்வந்தவர்களைப் பல நாட்கள் தங்கவைத்து ஆராய்ந்தனர். பொழுது தெரியாதபோதும் அவர்களுடைய உறக்கமும் விழிப்பும் ஓர் ஒழுங்கில் மாறி மாறி வந்தன. அடினோசினை ஒரு காப்பியால் மறைக்கலாம். இந்தக் கடிகாரத்தை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணி வரை உடலின் வெப்பமும் மூளையின் விழிப்பும் மிகத் தாழ்ந்திருக்கும். என் தோழன் பாலத்தைக் கடந்த நேரமும் அதுவே.

பதினொரு நாள் விழித்த மாணவன்

முற்றிலும் உறங்காமலிருந்தால் என்ன ஆகும்? 1964-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவன் அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள், மருந்து எதுவும் இன்றி விழித்திருந்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமெண்ட் நேரில் சென்று உடனிருந்து கவனித்தார். நாட்கள் செல்லச் செல்ல அம்மாணவன் எரிச்சலுற்றான், மறதியுற்றான், இல்லாதவை இருப்பது போலத் தோன்றின. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல் என்றபோது 65-இல் நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றான். பின்னர் ஏறத்தாழ 14 மணி நேரம் உறங்கி எழுந்து நலமாக நடமாடினான். ஆயினும் முதிய வயதில் தூக்கம் வராத கொடுமைக்கு ஆளானதாக அவரே கூறியிருக்கிறார். உறங்காமலிருக்கும் சாதனைகளை, அவற்றால் நேரும் ஆபத்தைக் கருதி, கின்னஸ் நூலார் இப்போது பதிவு செய்வதில்லை.

ஆலன் ரெக்ட்ஷாஃபன் என்பவர் 1980-களில் சிகாகோவில் எலிகளைக் கொண்டு செய்த சோதனை இதனினும் கொடியது. தொடர்ந்து உறங்கவிடாமல் தடுக்கப்பட்ட எலிகள், வழக்கத்தைவிட மிகுதியாக உண்டபோதிலும் மெலிந்து, இரண்டு மூன்று வாரங்களில் மாண்டன. உணவைப் போலவே தூக்கமும் உயிருக்கு இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சிறு துளி பெருங்கடன்

“நாங்கள் யாரும் பதினொரு நாள் விழிப்பதில்லையே, தினமும் ஐந்தாறு மணி நேரம் தூங்குகிறோமே” என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கான விடையை 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு தருகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நலமுள்ள 48 பேரைப் பிரித்து, சிலரை இரவில் 8 மணி நேரமும், சிலரை 6 மணி நேரமும், சிலரை 4 மணி நேரமும் மட்டுமே 14 நாட்கள் உறங்கவிட்டனர். வேறு சிலரை மூன்று நாட்கள் அறவே உறங்கவிடவில்லை. நாள்தோறும் கவனத்தையும் நினைவாற்றலையும் சோதித்தனர். நான்கு, ஆறு மணி நேரம் உறங்கியவர்களின் திறன் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே வந்தது. ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு ஏற்பட்ட குறைபாடு, ஒன்று முதல் இரண்டு இரவு முழுவதும் கண் விழித்தவர்களுடைய குறைபாட்டை எட்டியது.

இதில் வியப்பு எது தெரியுமா? தூக்க உணர்ச்சி எப்படியிருக்கிறது என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பின் அவர்கள் தங்களுக்குப் பழகிவிட்டதாகவே எண்ணினர். திறன் சரிந்துகொண்டிருந்தது, உணர்வு மட்டும் ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்றது. “எனக்குத் தூக்கமே வரலைடா” என்று என் தோழன் சொன்னது பொய்யன்று. அவன் மூளை அவனிடம் சொன்ன பொய் அது.

தூக்கக் கடன் மிகுந்தபோது மூளை நம் அனுமதியைக் கேட்பதில்லை. சில நொடிகள் தானாகவே உறங்கிவிடுகிறது. கண் திறந்திருக்கும், கை கைப்பிடியைப் பற்றியிருக்கும், பார்ப்பதற்கோ மூளை அங்கு இராது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஸ்கூட்டர் மூன்று நொடிகளில் 33 மீட்டர் ஓடிவிடும். அந்த 33 மீட்டருக்கும் ஓட்டுபவர் இல்லை.

குடியும் தூக்கமின்மையும்

1997-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர், விழித்திருப்பவரின் கைத்திறனையும் மது அருந்தியவரின் கைத்திறனையும் ஒப்பிட்டு நோக்கினர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிலை, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்கு ஒப்பாக இருந்தது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 30 மில்லிகிராமுக்கு மேல் சென்றாலே குற்றம் என்கிறது. என் தோழன் எழுவது மூன்றரை மணிக்கு. பதினேழு மணி நேரம் இரவு எட்டரைக்கு நிறைவடைகிறது. அதற்குப் பிறகும் அவன் கடையில் நின்று, இரவில் சைக்கிள் மிதித்து வீடு திரும்புகிறான். மது வாசனையைக் கருவியில் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். தூக்கமின்மையைக் கண்டுபிடிக்கக் கருவி எந்தச் சாலைச் சந்திப்பிலும் இல்லை.

இதன் விளைவு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு நம் அண்டை மாநிலத்தில் நேர்ந்த துயரம் ஒன்று சான்று. 2010-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் காலை ஆறு மணியளவில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். விசாரணைக் குழு விமானத்தின் ஒலிப்பதிவைக் கேட்டபோது, தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதியில் குறட்டைவிட்டு உறங்கியது தெரியவந்தது. மிகுந்த உயரத்தில் வந்த விமானத்தை மீண்டும் மேலெழுப்பும்படி துணை விமானி கூறியும் அவர் கேட்கவில்லை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவுடன் சிறிது நேரம் அறிவு மந்தமாயிருக்கும். அந்த மந்தம் அவருடைய முடிவைப் பாதித்திருக்கலாம் என்று குழு கருதியது.

உடலில் நேர்வது

தூக்கமின்மை மூளையோடு நிற்பதில்லை. 1999-ஆம் ஆண்டில் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுச் சோதித்தனர். ஒரு வாரத்துக்குள் அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளும் திறன், நீரிழிவின் தொடக்க நிலையை நினைவூட்டும் அளவுக்குக் குன்றியது. வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்கும் நம் நகரில் இது எண்ணிப் பார்க்கத்தக்கது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுவதாகவும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைவதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. நள்ளிரவில் பஜ்ஜியும் பரோட்டாவும் தேடி நாம் அலைவதன் காரணம் இதுவாகலாம்.

நோய் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது. 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் செலுத்தினர். ஏழு மணி நேரத்துக்கு மேல் உறங்கியவர்களைக் காட்டிலும், ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காயிருந்தது. ஆண்டுக்கணக்கில் குறைவாக உறங்குவோரிடம் இரத்த அழுத்தமும் இதய நோயும் மிகுதியாகக் காணப்படுகின்றன. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் சேர்த்தது. 2019-இல் மீண்டும் உறுதி செய்தது.

தேர்வுக்கு முந்தைய இரவு

மாணவர்களாகிய நமக்கு மிக வேண்டிய செய்தி இது. 1924-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தனர். மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, சில நாட்களில் உடனே உறங்கவிட்டும், சில நாட்களில் விழித்திருக்கச் சொல்லியும் பின்னர் கேட்டனர். அதே அளவு நேரம் கடந்திருந்தும், உறங்கி எழுந்தபோதே மிகுதியாக நினைவிருந்தது. பகலில் கற்றவற்றை மூளை உறக்கத்தில்தான் அடுக்கி வைக்கிறது என்பதை அதன்பின் வந்த ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன.

ஆகவே, தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் கண்விழித்துப் படிப்பவன் மூட்டை மூட்டையாக நெல்லைக் கொண்டுவந்து களத்தில் கொட்டிவிட்டு, குதிரில் சேர்க்காமல் மழையில் விடுகிறவனுக்கு ஒப்பாவான்.

உறங்காத நகரம்

நம் முன்னோரும் கண் விழித்ததுண்டு. மகா சிவராத்திரியன்று மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் நான்கு கால பூசையும் கண்டு விடியும்வரை விழித்திருப்போர் இன்றும் பலர். ஆனால் அது ஆண்டுக்கு ஓர் இரவு. நாமோ கைப்பேசியின் முன் நாள்தோறும் சிவராத்திரி கொண்டாடுகிறோம். அதன் வெளிச்சம் கண்வழிச் சென்று, ‘இன்னும் பொழுது சாயவில்லை’ என்று உடற்கடிகாரத்துக்குத் தவறான செய்தி சொல்கிறது. உறக்கத்தை அழைக்கும் மெலட்டோனின் சுரப்பது தள்ளிப்போகிறது.

விரும்பி விழிப்போர் கதை இது. வயிற்றுக்காக விழிப்போர் கதை வேறு. விடியுமுன் பால் பாக்கெட் போடுபவர், அடுக்குமாடி வாசலில் நாற்காலியில் இரவைக் கழிக்கும் காவலாளி, பழைய மாமல்லபுரம் சாலையில் அயல்நாட்டுப் பகலுக்காக நம் இரவில் உழைப்போர், உணவுப் பொட்டலத்தோடு நள்ளிரவில் விரையும் இளைஞர் ஆகியோரின் தூக்கத்தில்தான் இந்நகரின் வசதி நிற்கிறது. 2019-ஆம் ஆண்டில் தமிழக அரசு, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க அனுமதித்தபோது, ஒருவரை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும், மிகைநேரத்துக்கு வரம்பு உண்டு என்றும் நிபந்தனை விதித்தது. ஆனால் இரண்டு இடங்களில் வேலை பார்த்துக்கொண்டு கல்லூரிக்கும் வருபவனின் மொத்த நேரத்தை எந்தச் சட்டம் கணக்கெடுக்கும்?

2011-ஆம் ஆண்டில் தில்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த மக்களை நள்ளிரவில் காவல்துறையினர் எழுப்பிக் கலைத்தது தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தீர்ப்பளித்தது. உறக்கம் மனிதனின் அடிப்படைத் தேவை. அது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறுகிறது. உறக்கம் உரிமை என்றால், அதனை விற்றுப் படிக்க வேண்டிய நிலையில் ஒரு மாணவன் இருப்பதை நாம் எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது.

நாம் செய்யக்கூடியவை

18 வயது கடந்தவர்க்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது நலம். பிற்பகலுக்குப் பின் காப்பி, தேநீரைத் தவிர்க்கலாம். படுக்கைக்கு அரை மணி முன்பே கைப்பேசியை எட்டி வைத்துவிடலாம். இரவு வேலைக்குச் செல்லும் நண்பர்கள், மதியத்தில் 20 நிமிடம் கண்ணயர இடம் கிடைத்தால் தயங்காமல் கண்ணயர வேண்டும். அது முழுக் கடனையும் அடைக்காவிட்டாலும் வட்டியையாவது கட்டும். வண்டி ஓட்டும்போது கண் எரிந்தாலோ, வந்த வழி நினைவில்லாமற்போனாலோ, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு தொடர்வது பயனில்லை. வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

என் தோழன் இப்போது நாளிதழ் போடுவதை விட்டுவிட்டான். அதனால் குறைந்த வருவாய்க்கு அவன் வீட்டில் இன்னும் வழி பிறக்கவில்லை. தங்கையின் படிப்புச் செலவை எண்ணி அவன் கவலைப்படுவதை நான் அறிவேன். ஆயினும் பிற்பகல் வகுப்பில் அவன் தலை சாய்வது குறைந்திருக்கிறது. சென்ற மாதத் தேர்வில் மூன்று தாள்களில் தேறியிருக்கிறான்.

இறுதியாக, ஆசிரியப் பெருமக்களிடமும் என் போன்ற மாணவ நண்பர்களிடமும் ஒரு பணிவான வேண்டுகோள். நாளை வகுப்பில் ஒரு தலை சாயும்போது சிரிப்பதற்கு முன், வகுப்பு முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: “நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்?”